ஓடுகளமும் ஆய்வுக்கூடமும்



"படிப்பா, விளையாட்டா? இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்!" என்று பிள்ளைகளைக் கண்டிக்காத பெற்றோர் தோட்டப்புறத்தில் குறைவு. அப்படிச் சொல்வதில் நியாயமும் உண்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை பால் வெட்டி, அந்தச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களுக்கு, அப்படிப்பு வீணாகிவிடுமோ என்ற அச்சம் இயல்பானதே. ஆயினும், இரண்டையும் ஒருங்கே ஏற்று இரண்டிலும் சிறந்தவர்கள் உலகில் உண்டு. அத்தகைய மருத்துவர் இருவரைப் பற்றி, சிறப்பாக நம் நாட்டுத் தமிழர் ஒருவரைப் பற்றி, இன்று அறிந்துகொள்வோம்.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ நாட்டில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. அந்நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள அக்காபுல்கோ என்னும் ஊரில் பாய்மரப் படகுப் போட்டி. அதில் 'ஃபின்' எனப்படும் சிறிய படகில் ஓர் இளைஞர் போட்டியிட்டார். அப்படகில் ஒருவருக்கு மட்டுமே இடம். பாயை இழுப்பவரும் அவரே, சுக்கானைப் பிடிப்பவரும் அவரே. காற்று திரும்பினால் தாமும் திரும்ப வேண்டும். இல்லையேல் படகு கவிழும். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அந்த இளைஞரின் பெயர் ஜாக் ரோகே. 1972, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கிலும் அவர் படகு செலுத்தினார். எலும்பு அறுவை மருத்துவராகப் பணிபுரிந்த அவரே, 2001 முதல் 2013 வரை அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவராக விளங்கினார். 2010இல் நமது அண்டை நாடாகிய சிங்கப்பூரில் முதல் இளையோர் ஒலிம்பிக் நடந்ததும் அவர் காலத்தில்தான். 2021இல் அவர் மறைந்தார்.

அதே 1968இல், அதே ஒலிம்பிக்கில், மெக்சிகோ நகரின் ஓடுகளத்தில் மற்றொரு மருத்துவர் மலேசியாவுக்காக ஓடினார். அவர்தாம் டாக்டர் எம். ஜெகதீசன்.

1943ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தவர் ஜெகதீசன். 1960இல் ரோம் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பில் அவர் 400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது பதினாறுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962இல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை முன்னேறினார். 1965இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டிலும் விரைவோட்டத்தில் தங்கம் அவருக்கே.

இத்தனைக்கும் இடையில் அவர் செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பு! உடற்கூறும் நோய்க்குறியும் மருந்தின் அளவும் மனத்தில் ஏற்ற வேண்டிய அதே ஆண்டுகளில்தான், வினாடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதற்காக அவர் நாள்தோறும் ஓடிப் பழகினார்.

1966ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பேங்காக் ஆசிய விளையாட்டு. 100 மீட்டரில் தங்கம், 200 மீட்டரில் தங்கம், நால்வர் ஓடும் அஞ்சல் ஓட்டத்திலும் தங்கம். ஆசியாவின் அதிவேக மனிதர் என்ற பெயர் பெற்றவர் அப்போது ஒரு மருத்துவ மாணவர். மறு ஆண்டே, 1967இல், அவர் பட்டமும் பெற்றுவிட்டார். "பறக்கும் மருத்துவர்" என்று நாட்டு மக்கள் அவரை அழைக்கலாயினர்.

இங்கே மற்றொருவரையும் மறக்கலாகாது. அதே பேங்காக் போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. அந்த 1966ஆம் ஆண்டுதான் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. ஆண்களில் ஜெகதீசனும் பெண்களில் ராஜாமணியும் அதனைப் பெற்றனர். பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்போருக்கு இது தக்க பதிலாகும்.

மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி, மீண்டும் அரையிறுதியை எட்டினார். பதக்கம் கிட்டவில்லை. ஆனால் அந்த நேரம் மலேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2017இல்தான் கைருல் ஹாபிஸ் ஜந்தான் அதனை முறியடித்தார். மெக்சிகோவுக்குப் பின் ஜெகதீசன் ஓட்டப் போட்டிகளிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. கைதட்டல் ஓய்ந்தபின் அவர் போன இடம் ஆய்வுக்கூடம்.

கோலாலம்பூர் பகாங் சாலையில் நெடுங்காலம் அமைந்திருந்த மருத்துவ ஆய்வுக் கழகம் 1900இல் தொடங்கப்பட்டது. தோட்டத்து மக்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. அந்நாளில் கால் வீங்கி, நெஞ்சு அடைத்து, ஆயிரக்கணக்கானோர் பெரிபெரி என்னும் நோயால் மாண்டனர். பச்சரிசியை நன்றாகத் தீட்டி உண்ட சீனத் தொழிலாளர்களை அந்நோய் கடுமையாகத் தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அவ்வளவாக அண்டவில்லை. இதனை மருத்துவர் பிராடன் கவனித்து எழுதினார். பின்னர் இக்கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், தவிட்டோடு நீங்கிவிடும் ஒரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்று ஆய்ந்து காட்டினர். நம் பாட்டிமார் அரிசியைப் புழுக்கியதில் அத்தனை பயன் இருந்தது!

கிள்ளானிலும் அப்படியொரு வரலாறு உண்டு. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டபோது, மலேரியாவின் கொடுமையால் அதனை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிய வைத்துக் காட்டையும் அழிக்கச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர் 368 பேர். 1902இல் 59 பேர்.

இத்தகைய பணியின் வழியில் வந்தவரே டாக்டர் ஜெகதீசன். நுண்கிருமி இயலைத் தம் துறையாகக் கொண்டு, மருத்துவ ஆய்வுக் கழகத்தில் உழைத்து, அதன் இயக்குநராகவும், பின்னர் நாட்டின் சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். வயிற்றுப்போக்கையும் டைபாய்டு காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமிகளை அவர் ஆராய்ந்தார். 1973 முதல் 1982 வரை பத்தாண்டுகளில் நம் நாட்டு நோயாளிகளிடம் இக்கிருமியின் எவ்வெவ்வகைகள் காணப்பட்டன என்று தொகுத்து வெளியிட்டார். இதனால் என்ன பயன்? கிருமியின் வகை தெரிந்தால், ஓரிடத்து நோயும் மற்றோர் இடத்து நோயும் ஒரே மூலத்திலிருந்து வந்தனவா என்று ஆராய வழி பிறக்கும். கிணற்றிலா, உணவிலா, சமைப்பவர் கையிலா என்று தேடலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், மலம் கழித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று டிரசர் சொல்லும் புத்திமதிக்குப் பின்னால், இத்தகைய ஆய்வாளர்களின் பொறுமையான உழைப்பு இருக்கிறது.

விளையாட்டையும் அவர் அடியோடு விட்டுவிடவில்லை. பொதுநலவாய விளையாட்டுக் கூட்டமைப்பின் மருத்துவ ஆலோசகராகவும், ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவப் பணிகளிலும் இருந்து, ஊக்கமருந்து உட்கொண்டு ஓடும் வஞ்சகத்தை எதிர்த்து நின்றார். படகு வீரர் ரோகேயும் ஒலிம்பிக் தலைவராக இதே போராட்டத்தை நடத்தினார். அந்த மருந்து போட்டியைக் கெடுப்பதோடு ஓடுபவரின் உடலையும் கெடுக்கிறது. வீரரின் மனமும் மருத்துவரின் அறிவும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததால், இருவரும் அதனை நன்கு உணர்ந்திருந்தனர்.

நேயர்களே! எல்லாப் பிள்ளைகளும் ஜெகதீசன் ஆகிவிட முடியாது. ஒலிம்பிக்கில் ஓடியவர்களிலும் பெரும்பாலோர் பதக்கமின்றியே திரும்பினர். ஒரு வீரனின் கால்கள் சில ஆண்டுகளே வேகமாக ஓடும். கற்ற கல்வியோ நெடுங்காலம் சோறு போடும். ஆகவே படிப்பை விட்டுவிட்டு ஓடு என்று நாம் சொல்லவில்லை. திடலுக்குப் போகும் பிள்ளையைப் படிப்பில் அக்கறை இல்லாதவன் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம் என்கிறோம். குறித்த நேரத்தில் எழுவது, தோற்றாலும் மறுநாள் மீண்டும் முயல்வது, விதிக்குக் கட்டுப்படுவது ஆகியவற்றைத் திடலில் கற்ற பிள்ளை, அவற்றைப் புத்தகத்தின் முன்னும் மறப்பதில்லை.

மாலையில் ஒரு மணி நேரம் திடல். விளக்கு வைத்தபின் இரண்டு மணி நேரம் பாடம். தோட்டத்தில் இருப்போரும் தோட்டத்தைவிட்டு நகரத்துக்குக் குடிவந்தோரும் இவ்வாறு நேரத்தை வகுத்துக் கொடுத்தால், இரண்டில் ஒன்றைப் பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டிய தேவை இராது.