எலியாவின் அடையும் பாகாயத்தின் வைத்தியமும்

மனச்சோர்வு, அதாவது வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் ஆர்வமும் குன்றிப்போகும் நோய், விசுவாசக் குறைவின் அடையாளம் என்று சபைகள் பலவற்றில் நெடுங்காலம் பேசப்பட்டாலும், சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யாமல் அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி உறங்கவிட்டதாகவே வேதாகமம் சொல்கிறது. அந்தப் பரிவுக்கு மருத்துவ வடிவம் தந்தது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம். மனநோயாளிகளைப் பூட்டிவைப்பதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், அங்கே குடும்பத்தாரும் உடன்தங்கி நோயின் போக்கையும் கவனிக்கும் முறையையும் கற்றார்கள். ஜெபிக்கிறவர் மாத்திரையும் சாப்பிடலாம் என்பதற்கு, கிறிஸ்தவ மருத்துவமனையே மனநோய்க்கு வைத்தியம் செய்வதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மும்பை விக்ரோலியில் வாழும் தமிழர் இன்று வேலூர்வரை போகாமலே உதவி கேட்கலாம்: 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை, 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.