மணல்மேல் எழுந்த தரைகள்: ஒலுவில் – கல்முனைக் கரையின் தளப் பூச்சு வரலாறு

ஒலுவில் துறைமுகத்திலிருந்து வடக்கே நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று தொடரும் ஊர்கள், கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் நெருக்கமாக அமைந்தவை. ஒக்டோபர் தொடங்கித் தை மாதம்வரை பெய்யும் வாடை மழையில் இங்கு நிலத்தடி நீர் முற்றத்து மட்டத்தை நெருங்கிவிடும். சில மாதங்களுக்குப் பின் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதே மண்ணை வறட்டி எடுக்கும். ஆண்டுதோறும் நனைந்தும் காய்ந்தும் வரும் இந்த மணலின்மேல் தரை போட்டவர்கள் எல்லோருக்கும் கேள்வி ஒன்றாகவே இருந்தது: கீழிருந்து மேலேறும் ஈரத்தையும் உப்பையும் என்ன செய்வது? அண்மைக் காலத்தில் வசதியான வீடுகளின் வாகனத் தரிப்பிடங்களுக்கு, அதாவது மக்கள் போர்ட்டிகோ என்று அழைக்கும் முன்கூரைப் பகுதிக்கு, விலைப்பட்டியலோடு வந்து நிற்கும் எப்பொக்சிப் பூச்சும் அதே கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

பழைய வீடுகளின் தரை களிமண்ணை இடித்து இறுக்கி மெழுகியது. தென்னாசியா முழுவதும் மெழுகுதலுக்குச் சாணமே முதன்மைப் பொருளாயினும், இக்கரையின் முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு, அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகள் நான்கில் ஒன்று, உண்ணத்தக்க விலங்கின் சாணத்தையும் நஜீஸ் என்றே, சமயத் தூய்மையற்ற பொருளென்றே கொள்கிறது. மாலிக்கி மத்ஹபு அப்படிக் கொள்வதில்லை. ஆகவே ஒரே ஊர்ப்புறத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மெழுகிய தரை ஒரே பொருளைத் தந்திருக்க முடியாது. தொழும் இடம் தூய்மையாக இருத்தல் தொழுகையின் நிபந்தனைகளுள் ஒன்றாதலால், தரைக்கும் உடலுக்கும் நடுவே விரிக்கப்பட்ட பன்பாய்க்கு வெறும் படுக்கை விரிப்புக்கு மேலான மதிப்பு இருந்தது. தரையின் வரலாற்றை எழுத முனைவோர் பாயை விட்டுவிட்டால் பாதியைத் தொலைத்தவராவர். களிமண் தரைக்கு ஒரு பெருங்குணம் உண்டு: அது ஈரத்தைத் தடுக்காது, மேலே வரவிட்டு ஆவியாகப் போகவிடும், வெடித்தால் வீட்டுப் பெண்களே ஒரு முற்பகலில் சரிசெய்துவிடுவர்.

வசதியுள்ளோர் வீட்டிலும் பள்ளிவாசலிலும் சுண்ணாம்புச் சாந்து வந்தது. பவளக் கற்களைச் சூளையில் சுட்டு, நீரில் நீற்றி எடுக்கும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. நுண்துளைகள் நிறைந்த அதன் உடல் ஈரத்துக்கு வழிவிட்டதால், இத்தளங்கள் உவர் பூத்தாலும் உரிந்துபோகவில்லை. கிழக்கில் கல்குடாப் பகுதியின் பவளச் சூளைகள் பெயர் பெற்றவை. கரை அரிப்பைத் தூண்டியமையால் பவளம் அகழ்தல் பின்னாளில் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் திருத்தத்தாலும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே சுண்ணாம்பின் இடத்தைச் சீமெந்து பிடித்துவிட்டது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே காலத்தில், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதிகளை உள்ளடக்கிய நெல்வெளியின் நீர்ப்பாய்ச்சலையும் காணி உடைமையையும் மாற்றியமைத்தது. நெல்லினால் கையில் பணம் சேர்ந்தவர்களின் வீடுகளில் சிவப்புச் சீமெந்துத் தரை தோன்றியதை இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். மேசன்மார் சீமெந்தும் மணலும் கலந்த தளத்தைச் சமன்படுத்தி, அது இறுகும் முன்பே இரும்பு ஒட்சைட்டுக் காவித்தூள் கலந்த சீமெந்தை மேலே தூவி, உருக்குத் தகட்டுக் கரண்டியால் அழுத்தித் தேய்த்து, கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தோலை உண்டாக்கினர். பின்னர் மெழுகு பூசப்பட்டது. மென்ஷன், கார்டினல் ஆகிய பொலிஷ் வகைகள் இலங்கை முழுவதும் புழங்கின, தேய்ப்பதற்குப் பாதியாக வெட்டிய தேங்காய்ப் பொச்சு உதவியது. நீரூற்றிக் கழுவக்கூடிய இத்தரையில் தூய்மை பற்றிய பழைய ஐயமும் தீர்ந்தது. அழுக்கை அகற்றி நீரோட்டினால் போதும் என்ற சட்ட விதிக்கு அது முழுமையாகப் பொருந்தியது.

இக்கரையில் தரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1969இல் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே விரிவாக எழுதியுள்ளபடி, இங்கு தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே தாய்வழிக் குடி முறையைப் பேணுகின்றனர். மணமாகும் மகளுக்கு வீட்டையே சீதனமாகக் கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம். மகள்மார் பலர் உள்ள குடும்பம் ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு எழுப்ப வேண்டியிருந்தமையால், வீடு கட்டுதல் ஒரு தலைமுறையின் ஆயுட்கால உழைப்பாயிற்று. சம்பந்தம் பேச வருவோரின் கண் முதலில் படுவது விறாந்தையின் தளத்தில்தான். எனவே களிமண்ணிலிருந்து சிவப்புச் சீமெந்துக்கும், 1970களின் பிற்பகுதிக்குப் பின் மத்திய கிழக்கு உழைப்பின் பணத்தால் மாபிள் என்று அழைக்கப்படும் பீங்கான் தளக்கற்களுக்கும் நடந்த மாற்றத்தை நாகரிகம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது சரியாகாது. அதன் விசை பெருமளவுக்குச் சீதனத்தில் இருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையின் தரைகளை ஒரே காலையில் பெயர்த்தெடுத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வரிசைகளில் பல இடங்களில் எஞ்சியது சீமெந்துத் தளம் மட்டுமே. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் அகலத்துக்கு விதிக்கப்பட்ட கட்டுமானத் தடை வலயம் பழைய தளத்தின்மேல் மீண்டும் சுவர் எழுப்புவதைத் தடுத்தது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியோடு கட்டப்பட்ட 500 வீடுகளோ, யாருக்குப் பங்கிடுவது என்ற வழக்கினால் பல்லாண்டுகள் ஆள் மிதிக்காத தரைகளோடு கிடந்தன.

எப்பொக்சி இக்கரைக்குப் புதிதெனினும் அதன் வேதியியல் பழையது. 1930களில் சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்தான் பல் மருத்துவத்துக்கான செயற்கைப் பொருள் ஒன்றைத் தேடி இப்பிசினை உருவாக்கினார். அதன் உரிமையைப் பெற்ற பாசல் நகரச் சீபா நிறுவனம் 1946இல் அரல்டைட் என்ற ஒட்டுப்பசையாக அதனை வெளியிட்டது. இரண்டு குழாய்களிலிருந்து சம அளவு பிதுக்கிக் கலந்து உடைந்த பீங்கானை ஒட்டியவர் எவரும் எப்பொக்சியைக் கையாண்டவரே. தளப்பூச்சிலும் அதே இரட்டைத்தன்மைதான்: ஒரு வாளியில் பிசின், மற்றொன்றில் அமைன் வகை இறுக்கி, இரண்டும் சேர்ந்ததும் மூலக்கூறுகள் குறுக்குப் பிணைப்புகளால் வலையாகி, மீண்டும் உருகாத திண்மமாகின்றன. கலந்த பின் பூசுவதற்குக் கிடைக்கும் நேரம் வெப்பம் ஏற ஏறக் குறையும். ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரைக்குப் பெருமளவில் வந்த கண்ணாடியிழைப் படகுகளைப் பழுதுபார்ப்போருக்கு இது புதிய பாடமன்று. அவர்கள் கையாளும் பொலியெஸ்டர் பிசின் வேறு வகையாயினும், வாளியிலேயே இறுகிப்போகும் கலவையை அவர்கள் நன்கறிவர்.

எண்ணெய், பிறேக் திரவம், டயர்ச் சேறு ஆகியவற்றை உறிஞ்சாத தரை வேண்டுவோருக்கு எப்பொக்சி உண்மையிலேயே நல்ல தெரிவு. ஆனால் இம்மணற்பரப்பில் அதன் வெற்றி பூச்சைக் காட்டிலும் அடித்தளத்தையே சார்ந்துள்ளது. ஈரத்தை வெளியே விட்ட பழைய தரைகளுக்கு மாறாக எப்பொக்சி மேற்புறத்தை முற்றாக மூடிவிடுகிறது. கீழே ஈரத்தடுப்புப் பொலித்தீன் விரிக்காமல் போட்ட கொங்கிறீட்டில் நீராவி அடியிலேயே சிறைப்பட்டு, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கி உரித்துவிடும். கடல்மணல் கலந்த கலவையாயின் உப்புப் படிகங்களும் அவ்வேலையில் சேர்ந்துகொள்ளும். புதிய கொங்கிறீட்டை ஏறத்தாழ 28 நாட்கள் முதிரவிடுவதும், ஒரு முழம் சதுரப் பொலித்தீன் துண்டின் நான்கு ஓரங்களையும் தரையில் ஒட்டி ஓர் இரவு கழித்து அடியில் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்ப்பதும், பழைய மெழுகும் எண்ணெயும் போக இயந்திரத்தால் தேய்த்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதும் இதனாலேயே கட்டாயமாகின்றன. பல ஆண்டுகள் கார்டினல் பொலிஷ் ஊறிய சிவப்புத் தரையின்மேல் நேரடியாகப் பூசுவது காசைக் கடலில் கொட்டுவதற்குச் சமம். வாடைக்காலத்தில், தரையின் வெப்பநிலை பனி படியும் நிலையை விடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் மேலிராவிட்டால், பூச்சின்மேல் பால்போன்ற பிசுபிசுத்த படலம் படியும். கச்சான் காலத்தில் பூசினால் ஈரம் தொல்லை தராது, ஆனால் ஈரமான பூச்சில் தூசு வந்து ஒட்டும். மேற்கு வெயில் விழும் போர்ட்டிகோவில் சாதாரண எப்பொக்சி மஞ்சளித்துப்போவதால், புறஊதாக் கதிரைத் தாங்கும் பொலியூரித்தேன் மேற்பூச்சும் தேவைப்படுகிறது.

ஒலுவில் துறைமுகத்தின் கதை இதே மணலின் வேறொரு முகம். அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் 1990களில் முன்வைத்த கனவு, டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தமையால் துறைமுக வாயில் தூர்ந்தது; வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கியது. கரையின் மணல் குறையும் இடத்தில் கடல்நீர் கிணறுகளுக்கும் அத்திவாரங்களுக்கும் இன்னும் ஓரடி நெருங்கி வருகிறது; உவர் பூக்கும் தரைகளின் எல்லையும் அதனோடு உள்நோக்கி நகர்கிறது. இந்நிலையில் புதிய வீட்டுக்கு அத்திவாரம் இடுவோர் தளத்தின் அடியில் தடித்த பொலித்தீன் விரித்து, கழுவிய ஆற்றுமணலில் கொங்கிறீட்டுப் போட்டால், பிற்பாடு எந்தப் பூச்சையும் துணிந்து தெரியலாம். அவ்வாறு செய்யப்படாத பழைய சீதன வீடுகளின் போர்ட்டிகோவுக்குச் சொரசொரப்பான சீமெந்துத் தளமே இன்றும் ஏற்றது.