வெடித்த ஹோஸ் ஒன்றின் வரலாறு

கார்களின் வரலாற்றை எழுதினவர்கள் பெரும்பாலும் குதிரைவலுவைத்தான் எண்ணியிருக்கிறார்கள். எந்த வருஷம், எந்தக் கொம்பனி, எவ்வளவு வேகம். இந்தக் கட்டுரை அந்தக் கணக்குகளில் வராத ஒரு சாமானைப் பற்றியது: ஏயார் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவில் முழங்கை மாதிரி வளைந்து கிடக்கிற கறுப்பு றப்பர் ஹோஸ். பழைய டர்போ கார் ஒன்று திடீரெண்டு இழுவை இல்லாமல் திணறினால், பல தடவை காரணம் அந்த ஹோஸின் மடிப்புக்குள் விழுந்த ஒரு வெடிப்புத்தான். அந்த வெடிப்புக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு.

1905இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி ஒரு காப்புரிமை எடுத்தார். எஞ்சினில் இருந்து வெளியேறுகிற சூடான புகை வீணாகத்தானே போகுது? அதைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றினால், அதே தண்டில் இருக்கிற இன்னொரு சில்லு வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் எரிபொருளையும் கூட எரிக்கலாம். டர்போ எண்டால் இவ்வளவுதான். 1918இல் அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினைப் பைக்ஸ் பீக் மலையில், 14,000 அடிக்கு மேலே கொண்டுபோய் இதைச் சோதித்தார். உயரத்தில் காற்று மெலிது. டர்போ அந்தக் குறையை நிரப்பியது. 1920களில் கப்பல்களின் டீசல் எஞ்சின்களுக்கும் அது போனது.

விமானத்துக்கும் கப்பலுக்கும் பக்கத்திலேயே எஞ்சினியர் இருப்பார். காருக்கு ஆர் இருக்கிறது? 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர் அந்தக் கேள்விக்குள்தான் மாட்டுப்பட்டது. அதன் எஞ்சின் சூட்டில் அடிபடாமல் இருக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைச் சாரதி அடிக்கடி நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. அந்தக் கார் 1963உடன் நின்றுபோனது. பிறகு கொம்பனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்பரேற்றர் பூட்டிக் கொடுத்தது. வலு இருந்தால் மட்டும் போதாது, வாகனத்தைச் சும்மா ஓடுகிற ஆளின் கையிலும் அது தாக்குப்பிடிக்க வேண்டும்.

அதைச் சாதித்த கார்களில் முக்கியமானது சுவீடனின் சாப் 99 டர்போ. 1977இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். இரண்டு லீற்றர் எஞ்சின், 145 குதிரைவலு. திரவம் நிரப்புகிற வேலை இல்லை. அழுத்தம் கூடினால் புகையைப் பக்கத்தால் திருப்பிவிட ஒரு கதவு இருந்தது. உள்ளே போகிற காற்றை வாசலிலேயே அளந்து, அதற்கேற்பப் பெற்றோல் விட பொஷ் நிறுவனத்தின் அமைப்பு ஒன்று இருந்தது.

எங்கட ஹோஸ் கதைக்குள் வருவது இங்கதான். காற்று அளக்கப்படுவது ஏயார் கிளீனருக்குப் பக்கத்தில். டர்போ இருப்பது அதற்கு அங்காலை. இரண்டுக்கும் நடுவில் ஹோஸ். கலியாண வீட்டு வாசலில் ஆட்களை எண்ணி உலை வைக்கிறார்கள் எண்டு வைத்துக்கொள்ளுங்கோ. பின்வேலியால் இருபது பேர் வந்தால் சோறு காணாது. ஹோஸ் வெடித்தாலும் அதுதான் நடக்குது: கணக்கில் வராத காற்று உள்ளே போகும், பெற்றோல் காணாமல் போகும், எஞ்சின் நின்று நின்று ஓடும். அந்த நிலையில் வேகமாக மிதித்தால் சூடு ஏறிப் பிஸ்டனே பழுதாகலாம். வடிகட்டாத தூசு வேறை போகும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழலக்கூடிய சில்லில் மணல் பட்டால் என்னவாகும்?

அதே வெடிப்பு டர்போவுக்கு அடுத்த பக்கத்து ஹோஸில் வந்தால் கதை தலைகீழ். எண்ணின காற்று வெளியே போய்விடும், பெற்றோல் மிஞ்சும், கறுப்புப் புகை வரும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. கார்பரேற்றர் காற்றைத் தன்ரை தொண்டையிலேயே அளக்கும். அதற்கு முன்னால் எது கிழிந்தாலும் தூசு போகுமே தவிர, கணக்குப் பிழைக்காது.

சரி, ஹோஸ் ஏன் வெடிக்குது? 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகமும் சூடும் சேர்த்து றப்பரை உறுதியாக்குகிற வழியைக் கண்டார். 1876இல் பிரேசில் விதைகளில் இருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குக் கிட்ட ஹெனரத்கொடவில் நடப்பட்டன. பிறகு களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்டங்கள் பெருகின. அங்கே விடியமுன் எழும்பிப் பால் வெட்டினவர்களில் மலையகத் தமிழரும் இருந்தார்கள். உலகத்தின் டயர்களுக்குள் அந்த உழைப்பு இருக்கு. கார் வரலாற்றுப் புத்தகங்களில் அவர்களைத் தேடினால் கிடைக்காது.

ஆனால் மரத்து றப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அதனால் 1930களில் நியோப்பிரீன் போன்ற செயற்கை றப்பர்கள் வந்தன. அவையும் சாகாவரம் பெற்றவை இல்லை. சூடு, காற்றில் இருக்கிற ஓசோன், எஞ்சினின் எண்ணெய் ஆவி மூன்றும் சேர்ந்து வருஷக்கணக்கில் ஹோஸைக் கடிக்கும். எஞ்சின் ஆடுகிற ஒவ்வொரு தடவையும் மடிப்பு வளையும். வெடிப்பு முதலில் விழுவதும் அங்கேதான்.

கண்டுபிடிக்கிறதும் அதனால்தான் கஷ்டம். பூட்டின மாதிரியே பார்த்தால் வாய் மூடிக் கிடக்கும். கழற்றி, மடிப்பை விரித்து, வெளிச்சத்துக்குப் பிடிக்க வேண்டும். எண்ணெயை நல்லாத் துடைத்துவிட்டு, தன்னோடு தானே ஒட்டுகிற சிலிக்கோன் நாடாவை இழுத்துச் சுற்றினால் வீடு வரைக்கும் போகலாம். உள்பக்கம் எதையும் பூசி அடைக்கக் கூடாது. கழன்றால் நேரே டர்போவுக்குள்தான் போகும். புது சிலிக்கோன் ஹோஸ் போடுவதானால், உறிஞ்சலில் சப்பாமல் நிற்கிற, நூல் வலை வைத்த தடித்த வகை வேண்டும். பழைய ஹோஸில் இருந்த கிளைக் குழாய்களில் ஒன்றையும் விடாமல் திரும்ப இணைக்க வேண்டும். கிளிப்பை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அதுவே புது றப்பரை வெட்டும்.

2011 டிசம்பரில் சாப் கார் நிறுவனம் வங்குரோத்தானது. செய்த கொம்பனி இல்லை; கார்கள் இன்னும் ஓடுது. எங்கட நாட்டிலும் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருஷமும், இருக்கிறதைத் திருத்தி ஓடுவதைத் தவிரப் பெரும்பாலான ஆட்களுக்கு வேறை வழி இருக்கவில்லை. அந்த நேரம் வீதிகள் ஓடினது கராஜ்களில் கை கறுத்த ஆட்களால். எந்த மடிப்பில் வெடிக்கும், எந்த அளவுக் குழாய் பொருந்தும் எண்டு அவர்களுக்குத் தெரியும். அது எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. உங்கட ஊரில் அப்பிடி ஒருத்தர் இருந்தால், அவரோடை கதைத்து அதை எழுதிவையுங்கோ. இந்த வரலாற்றின் அடுத்த பக்கம் அவரிட்டைத்தான் இருக்கு.