விஞ்ஞானவாதம்

விஞ்ஞானவாதம், அறியப்படும் பொருள் அறிவை விட்டுத் தனித்து இருப்பதில்லை என்று கூறும் மகாயான பௌத்தத் தத்துவம். யோகாசாரம் என்றும் வழங்கும். இன்றைய பெஷாவரைச் சேர்ந்த அசங்கர், வசுபந்து சகோதரர்கள் கி.பி. 4–5ஆம் நூற்றாண்டளவில் இதற்கு முழு வடிவம் தந்தனர்.

வசுபந்துவின் ‘விம்சதிகா’ எதிராளியின் கேள்விகளை மறைக்காமல் முன்வைக்கிறது. புறப்பொருள் இல்லையென்றால் ஒரு காட்சி குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் மட்டும் தோன்றுவது ஏன்? அங்கிருக்கும் எல்லோருக்கும் அது தெரிவது ஏன்? முதல் கேள்விக்குக் கனவே விடை: கனவிலும் ஊரும் தோட்டமும் எங்கும் எப்போதும் தோன்றுவதில்லை. இரண்டாவதுதான் கடினமானது. பிரேதங்கள் எனப்படும் பசித்த ஆவிகள் பலவும் ஆற்றைச் சீழாகவே காண்கின்றன. வினை ஒத்திருப்பதால் காட்சியும் ஒத்திருக்கிறது என்கிறார் வசுபந்து. பிரேதங்களை நம்பாதவரும் இதன் உட்கருத்தை எளிதில் ஒதுக்க முடியாது. பலர் ஒன்றுபோலக் காண்பதாலேயே காணப்படுவது வெளியே இருப்பதாக ஆகிவிடாது.

அணுவாதத்தை அவர் மறுக்கும் விதம் இன்னும் கூர்மையானது. ஓர் அணுவை ஆறு திசைகளிலும் ஆறு அணுக்கள் தொட்டால் அதற்கு ஆறு பக்கங்கள் உண்டு. அப்படியானால் அது பகுக்க முடியாதது அல்ல. பக்கமே இல்லையென்றால் எத்தனை அணுக்கள் சேர்ந்தாலும் ஓரணு அளவுதான் இருக்கும்.

புறப்பொருள் இல்லாமலே அனுபவம் தொடர்ந்து வருவதை ஆலய விஞ்ஞானம், அதாவது சேமிப்பறையாக விளங்கும் அடிநிலை அறிவு, விளக்குகிறது. செயல்கள் அதில் வித்துகளாகத் தங்கி, பின்னர் காட்சிகளாக முளைக்கின்றன.

காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று சீனத் துறவி சுவான்சாங் குறிப்பிடும் தருமபாலர் நாளந்தாவில் இத்தத்துவத்தின் பேராசிரியராக விளங்கினார். அவருடைய உரையைப் பெரிதும் தழுவிச் சுவான்சாங் 659இல் சீன மொழியில் தொகுத்த நூலே கிழக்காசிய மரபுக்கு அடித்தளம். தமிழில், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் யோகாசாரத்தை எடுத்துரைத்து மறுக்கிறது.

மறுப்புகளில் வலுவானது சங்கரருடையது: வெளியே ஒன்றுமே இருந்ததில்லை என்றால், ‘வெளியே இருப்பதுபோல்’ தோன்றுகிறது என்று சொல்வதற்கே இடமில்லை.

உள்ளிருந்தே எழுந்த சிக்கல், பிறர் மனம் பற்றியது. புறப்பொருளை மறுப்பவர் எதிரே நிற்பவரின் மனத்தை எப்படி ஏற்பார்? பிறருடைய பேச்சையும் செயலையும் கொண்டு அவர்களுக்கும் மனம் உண்டு என்று ஊகிக்கலாம் என்றார் தருமகீர்த்தி (7ஆம் நூற்றாண்டு). 11ஆம் நூற்றாண்டில் இரத்தினகீர்த்தி அந்த ஊகத்தையும் ஏற்கவில்லை. இறுதி உண்மை என்ற நிலையில், மனங்களுக்கு இடையே எல்லை வகுக்கவே முடியாது என்று அவர் தனி நூல் எழுதினார்.