மாத்திரை இலவசம்தான்... வாசல் வரை கூட யார் வருவது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். இது நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். அரசு மருத்துவமனையில் பரிசோதனை இலவசம், காசநோய்க்கான மாத்திரையும் இலவசம். அப்புறம் ஏன் போகத் தயங்குகிறார்கள்? 'அந்த வரிசையில நிக்கிறதை யாராவது பார்த்துட்டா?' என்ற பயம்தான். பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்தப் பயம் இரட்டிப்பு.

அது காரணமில்லாத பயமும் அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் தெரியவந்தது 1986-ல், சென்னையில் எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகளில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா எடுத்த அந்த மாதிரிகள், காப்பகத்தில் இருந்த பெண்களுடையவை. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பெரிய கண்டுபிடிப்புதான், ஆனா அந்தப் பெண்களை யாரு கேட்டாங்க?

இன்று கேட்டே ஆக வேண்டும். 2017-ம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. ஆனால், சட்டம் வீடு தேடி வராது. வருவது அதே சமூகத்தைச் சேர்ந்த களப்பணியாளர். ஒரு திருநங்கையை இன்னொரு திருநங்கை நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போகிறார், கூடவே உட்கார்ந்திருக்கிறார். மாத்திரையைப் பாதியில் விட்டால் 'ஏன்டி வரல?' என்று உரிமையோடு கேட்கவும் அவரால்தான் முடியும்.

இரண்டு நோய்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எச்.ஐ.வி உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய். அவர்களுக்கு இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் இவற்றில் ஒன்று இருந்தாலே உடனே சோதிக்கணும். காசநோய் இல்லை என்று உறுதியானால், அது வராமல் தடுக்கவும் மாத்திரை உண்டு.

காசநோய் இருப்பது தெரிந்துவிட்டால் குறைந்தது ஆறு மாத சிகிச்சை. வெறும் வயிற்றோடு அதைத் தாங்க முடியாது. அதனால்தான் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தந்துவந்த மத்திய அரசு, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியது. வங்கிக் கணக்கு இல்லாத தெருவோரவாசிக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? கணக்குத் தொடங்க உடன் போவதும் பல நேரம் அந்தக் களப்பணியாளர்தான்.

எச்.ஐ.வி பற்றிச் சந்தேகமா? பெயர் சொல்லாமலேயே 1097-ல் கேட்கலாம். கட்டணம் இல்லை.