ஓட்ஸ் டப்பாவில் வந்த கோப்பை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் பழைய கண்ணாடிக் கோப்பைகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். இளஞ்சிவப்பு, வெளிர்பச்சை, தேன் நிறம் என்று அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றில் காக்டெய்ல் ஊற்றிப் படமும் போடுகிறார்கள். திட்டுவேன் என்று பயப்பட வேண்டாம். வரலாறுதான் சொல்லப் போகிறேன்.

காக்டெய்ல் என்பது மதுவிலக்குக் காலத்தில் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1806இலேயே நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று அதற்கு விளக்கம் கொடுத்துவிட்டது: சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு. 1862இல் ஜெர்ரி தாமஸ் என்பவர் செய்முறைப் புத்தகமே போட்டார். மதுவிலக்கு வந்தது 1920 ஜனவரியில். தயாரிப்பது, விற்பது, எடுத்துச் செல்வது குற்றம். குடிப்பதைக் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை! இந்த ஓட்டையைக் கவனியுங்கள்.

குடிப்பவர்களுக்குச் சரக்கு எங்கிருந்து வரும்? தொழிற்சாலை ஆல்கஹால் இருந்தது. அதை யாரும் குடிக்கக் கூடாது என்பதற்காக அதில் மெத்தனால் கலப்பது வழக்கம். கள்ளச் சந்தைக்காரர்கள் அதைத் திருடி, காய்ச்சி, வாசனை எண்ணெய் சேர்த்து 'ஜின்' என்று விற்றார்கள். அந்த நாற்றத்தை மறைக்கத்தான் எலுமிச்சைச் சாறும் தேனும் நன்றாகப் பயன்பட்டன. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? 1926-27இல் மெத்தனால் அளவைக் கூட்டச் சொன்னது. குடிப்பார்கள் என்று தெரிந்தே கூட்டியது. நியூயார்க் நகரின் தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நாரிஸ் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பணக்காரனுக்கு நல்ல சரக்கு கிடைக்கிறது, சாவது ஏழைதான் என்பது அவர் வாதம்.

மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் பார்வை போகும், பிறகு உயிர். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்களே, அதுவும் இதே மெத்தனால்தான். ஏறக்குறைய நூறு ஆண்டு இடைவெளி. இறந்தவர்கள் அங்கும் இங்கும் கூலி வேலைக்காரர்கள்தான் அதிகம். நான் மதுவிலக்குக்கு எதிரி அல்ல. சேலத்தில் 1937இல் ராஜாஜி அதைக் கொண்டுவந்ததை வகுப்பில் மரியாதையோடுதான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் சட்டத்தை மீறியவனுக்கு விஷம்தான் தண்டனை என்பதை என்னால் ஏற்க முடியாது.

1933 டிசம்பரில் அமெரிக்க மதுவிலக்கு முடிந்தது. மறு ஆண்டே 'தி தின் மேன்' என்ற படம் வந்தது. அதில் நிக், நோரா என்ற பணக்காரத் தம்பதி சிரித்துக்கொண்டே குடிப்பார்கள். அவர்கள் பெயரில் ஒரு சிறு கோப்பை இன்றும் விற்கிறது.

ஆனால் நம் பிள்ளைகள் வாங்கும் வண்ணக் கோப்பை அந்தத் தம்பதி வீட்டுச் சாமான் அல்ல. அதற்குப் பெயர் 'டிப்ரஷன் கிளாஸ்', அதாவது பொருளாதாரப் பெருமந்தக் காலத்துக் கண்ணாடி. 1929இல் பங்குச் சந்தை விழுந்தது, வேலை போனது, கையில் காசில்லை. ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கத்துத் தொழிற்சாலைகள் இயந்திர அச்சில் அழுத்திக் கண்ணாடிச் சாமான்களை மலிவாகச் செய்து குவித்தன. சில காசுகளுக்குக் கிடைத்தது. ஓட்ஸ் டப்பாவுக்குள் ஒன்றைப் போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட்டோடு ஒரு தட்டு கொடுத்தார்கள். நம் ஊரில் சோப்புத்தூளுக்கு வாளி கொடுப்பார்களே, அது போல. கையால் செய்ததல்ல என்பதால் உற்றுப் பார்த்தால் உள்ளே குமிழியும் அச்சின் தடமும் தெரியும். டப்பாவுக்கு ஒன்றாக, ஒரே நிறத்தில் ஆறு சேர எத்தனை மாதம் ஓட்ஸ் கஞ்சி குடித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தப் பச்சைக் கோப்பைகள் சிலவற்றில் நிறத்துக்காகக் கொஞ்சம் யுரேனியம் சேர்த்திருக்கிறார்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் பளிச்சென்று ஒளிரும். வாங்கியவர்கள் ஒருமுறை அடித்துப் பாருங்கள். ஒளிர்ந்தால் அதை அலமாரியில் வையுங்கள், எலுமிச்சைச் சாறு ஊற்றிக் குடிக்க வேறு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.