ஆகாயத்தாமரைக்குத் தண்ணி ஊத்துறது யாரு?

ஆகாயத்தாமரைங்கிற சொல்லுக்குத் தமிழில் மூன்று பொருள் உண்டு. தர்க்கம் பேசியவர்களுக்கு அது இல்லாத ஒன்று. வானத்துல தாமரை பூக்குமா? முயற்கொம்பு, மலடி மகன் என்ற வரிசையில் சொல்லப்படும் உதாரணம். சித்த மருத்துவத்தில் அது ஒரு மூலிகை. சின்ன முட்டைக்கோஸ் மாதிரி இலையை அடுக்கிக்கொண்டு தண்ணீர் மேல் மிதக்கும் செடி. பிஸ்டியா என்பது அதன் தாவரவியல் பெயர். இன்னைக்கு ஆரப்பாளையத்துல யாரிடமாவது கேட்டால் நேரே வைகையைக் கை காட்டுவார்கள். ஊதாப் பூவும் ஊதிய காம்புமாக ஆத்தை மூடிக்கிடக்கும் அந்த மூன்றாவது செடிதான் இப்போது இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். பழைய மூலிகைக் குறிப்பைப் படித்துவிட்டு வைகைச் செடியைப் பறித்து வந்தால் அது வேறு செடி என்பதை மட்டும் நினைவில் வைங்க.

இந்த மூன்றாவது செடி களையாக வரவில்லை. அழகுச் செடியாகத்தான் வந்தது.

சொந்த ஊர் தென் அமெரிக்கா, அமேசான் பக்கம். 1820களில் மார்ட்டியஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இதை விவரித்து எழுதினார். ஐரோப்பியப் பணக்காரர்களிடம் கண்ணாடி வீடு கட்டி, உள்ளே குளம் வெட்டி, வெளிநாட்டு நீர்ச்செடி வளர்க்கும் மோகம் இருந்த நூற்றாண்டு அது. 1884-85இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வந்தவர்களுக்கு இந்தச் செடியைக் கொடுத்தனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அடுத்த சில ஆண்டுகளில் புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் படகு போக முடியாத அளவுக்கு அடைத்துக்கொண்டது நிஜம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கும் அழகுக்காகவே வந்து சேர்ந்தது. கொஞ்ச காலத்தில் படகுப் பாதைகள் அடைபட்டன, நெல் வயல்கள் அமுங்கிப்போயின. முதல் உலகப்போர் சமயத்தில் இதற்கு அங்கே 'ஜெர்மன் பானா' என்று பெயர். எதிரி நாடு அனுப்பிய பாசி என்ற வதந்தி. பர்மாவில் 1917லும் வங்காளத்தில் 1936லும் இந்த ஒரு செடிக்காகவே தனிச் சட்டம் போட்டார்கள். சட்டத்தாலும் அது ஒழியவில்லை.

ஏன் ஒழியவில்லை என்பதற்கு, இந்தச் செடியை நம்ம ஊர் கரையோரச் செடிகளோடு வைத்துப் பார்க்கணும்.

கரையோரச் செடி என்பது தண்ணீரிலும் இல்லாமல் தரையிலும் இல்லாமல் விளிம்பில் வாழ்வது. வேர் சேற்றில், தலை வெயிலில். நாணல், கோரை, சம்பை, நீர்முள்ளி, நீர்ப்பிரம்மி, வசம்பு எல்லாம் இந்தக் கூட்டம். ஆகாயத்தாமரைக்கு நெருங்கிய உறவு ஒன்றும் நம்ம வயலோரத்திலேயே இருக்கிறது: மோனோகோரியா. கருங்குவளை என்றும் சொல்வார்கள். அதே குடும்பம், அதே மாதிரி நீல ஊதாப் பூ. ஆனால் அது வேரைச் சேற்றில் ஊன்றி நிற்கும், மிதந்து ஊரைச் சுற்றாது.

இவற்றுக்கு வேண்டியது ஏறி இறங்கும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஏறணும், கோடையில் வடியணும். வடிந்த ஈரத்தில்தான் பல விதைகள் முளைக்கும். வைகையும் கண்மாய்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. அதாவது இந்தச் செடிகளுக்கு ஆறே தண்ணி ஊத்தியது, அளவு தெரிந்து.

அந்த ஏற்ற இறக்கம் இரண்டு கட்டமாக மாறியது. 1895இல் பெரியாறு அணை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர் வைகைக்கு வந்து, பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி மேலூர்ப் பக்கம் போனது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. இரண்டாலும் இந்த மாவட்டம் சாப்பிட்டது, குடித்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மதுரை நகருக்குள் ஆறு என்பது மடை திறக்கும் நாட்களில் மட்டும் ஆறு என்று ஆகிவிட்டது. மற்ற நாட்களில் படுகையில் வந்து நிற்பது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடை. பந்தல்குடி வாய்க்கால் மாதிரி ஒரு காலத்தில் மழைத்தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால்கள் இன்று கழிவைக் கொண்டுவருகின்றன.

சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய. நாம் வயலுக்கு மூட்டை மூட்டையாக வாங்கிப் போடும் உரச்சத்தும் இதுதான். ஏறாமல் இறங்காமல் தேங்கி நிற்கும் உரத்தண்ணீர்! ஆகாயத்தாமரை கேட்பது இதைத்தான். நல்ல சத்து கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். விதை சேற்றில் 15, 20 வருஷம்கூடக் காத்திருக்கும். எல்லாத்தையும் அள்ளிட்டோம் என்று ஜேசிபி திரும்பிப் போகும்போது அடுத்த தலைமுறை அடியில் படுத்திருக்கும். 1980களில் பெங்களூரில் இதைத் தின்னும் கூன்வண்டுகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சில ஏரிகளில் நல்ல பலன். ஆனால் வண்டு தின்னும் வேகத்தைவிடச் சாக்கடை ஊட்டி வளர்க்கும் வேகம் அதிகமானால் வண்டு என்ன செய்யும்?

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது ஆத்தைச் சுத்தம் செய்வதும், மறுபடி மூடுவதும், மறுபடி அள்ளுவதும் அதனால்தான். செடியை அள்ளுகிறோம், ஊத்துகிற தண்ணியை நிறுத்தவில்லை. தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஊத்துறது நாமதான், நம்ம குளியலறையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும்.

மாடியில் தொட்டி வைத்து நீர்ச்செடி வளர்ப்பவர்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு இருக்கிறது. இந்தச் செடியை இன்றும் காசு கொடுத்து வாங்கலாம். தொட்டி நிறைந்ததும் மிச்சத்தைச் சாக்கடையில் போடுவோம். சாக்கடை எங்கே போகுது என்பது மேலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக வசம்பு, நீர்ப்பிரம்மி, வல்லாரை, சேம்பு வையுங்க. அடியில் ஓட்டையில்லாத தொட்டி, களிமண் கலந்த மண், மண் எப்போதும் சேறாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர். மண்ணுக்கு மேல் தேங்க விடாதீங்க, கொசு முட்டையிட இடம் கிடைக்காது. மதுரை வெயிலுக்குச் சித்திரை, வைகாசியில் தினமும் ஊத்த வேண்டியிருக்கும். போர் தண்ணீர் என்றால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். அப்போது நல்ல தண்ணீர் விட்டு அலசி, வடித்து எடுத்துவிடுங்க. உரம் வேண்டியதே இல்லை.

ஏற்கெனவே ஆகாயத்தாமரை வைத்திருந்தால், பூ விதையாகும் முன்னே பிடுங்கி, மாடியிலேயே வெயிலில் சருகாகக் காய வைத்து, செடித்தொட்டிக்கு எருவாகப் போடுங்க. வாய்க்கால் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீங்க.